மூக்கணாங்கயிறு கட்டிய கார்

செஞ்சி,
வெள்ளிக்கிழமை காலை, கடையில் ஆள் இல்லாத நேரம்.

மரியாதைக்குரிய சம்பந்தி சுந்தரமூர்த்தி அவர்களின் சமூகத்துக்கு, செஞ்சி சாக்கு, கயிறு, தார்ப்பாய் வியாபாரம் விநாயகம் வணக்கம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் ரத்தினம்மாளும் சுகம். உங்கள் மருமகள் கலைவாணி சுகம். அவள் வயிற்றில் இருப்பவர் நேற்று பகல் முழுக்க உதைத்துக்கொண்டிருந்தபடியால் அவரும் சுகம் என்றே தெரிகிறது. காரும் சுகம். அங்கே நீங்களும் சம்பந்தியம்மா வசந்தாவும் மாப்பிள்ளை இளவரசனும் இதே மாதிரி இருக்க வேண்டும்.

முந்தாநாள் ஆரணியில் வாணியை எங்கள் காரில் ஏற்றி அனுப்பும்போது, "போய்ச் சேந்ததும் போன்ல பேசி மழுப்பாதீங்க சம்பந்தி. வண்டில இன்னா கோளாறு, எப்படி சரியாச்சு, எல்லாத்தையும் எழுத்துல குடுங்க" என்று சொன்னீர்கள். முப்பத்தோரு வருஷம் கவர்மென்ட் பஸ் ஓட்டி, தினமும் டிப்போவில் வண்டியை விடும்போது கோளாறு நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டவர் நீங்கள். நானோ பத்தாம் வகுப்பை இரண்டு தடவை எழுதியவன். இரண்டாவது தடவையும் பாஸ் ஆகவில்லை. ஆகவே எழுத்தைப் பார்க்காமல் விஷயத்தைப் பார்க்கவும்.

கார் வாங்கும் ஆசை எனக்கு இருந்ததே இல்லை. வாணி தலைப்பிரசவத்துக்கு வரும்போது பஸ்ஸில் குலுங்காமல் வரவேண்டும், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போகும்போதும் அப்படியே போகவேண்டும், அவ்வளவுதான் கணக்கு. சின்னதாக ஒன்று போதும் என்றுதான் ஷோரூமுக்குப் போனேன். அங்கிருந்த தம்பி என் வேட்டியைப் பார்த்தான், மீசையைப் பார்த்தான், "உங்களுக்குச் சின்ன வண்டி எடுபடாது சார், எஸ்யூவிதான் கம்பீரம்" என்றான். என்னை யாரும் அதுவரை கம்பீரம் என்று சொன்னதில்லை. வாங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, கம்பீரம் தரையிலிருந்து ரொம்ப உயரத்தில் இருக்கிறது, ரத்தினம்மாளுக்குக் கால் எட்டவில்லை. அன்று முதல் டிக்கியில் ஒரு முக்காலி இருக்கிறது. அவள் ஏறினதும் நான் இறங்கி முக்காலியை எடுத்து டிக்கியில் வைக்க வேண்டும், அவள் இறங்கும்போது நான் முதலில் இறங்கி அதைப் போட வேண்டும். பார்க்கிறவர்கள் எனக்கு டிரைவர் வேலை கிடைத்துவிட்டது என்று நினைக்கிறார்கள். கூரையில் ஒரு கண்ணாடிக் கதவு வேறு. அதைத் திறந்து வைத்துக்கொண்டு கோட்டைப் பக்கம் நிறுத்தினேன், பூசைக்கு வாங்கின ஒரு சீப்பு வாழைப்பழத்தைக் குரங்கு மேல்வழியாக எடுத்துக்கொண்டு போனது. தோலை மட்டும் உள்ளே போட்டது. சீட்டுக்கு பிளாஸ்டிக் உறை இன்னும் பிரிக்காததால் சீட் தப்பித்தது. வாணி அதைப் பிரிக்கச் சொல்கிறாள், நான் குரங்கைக் காட்டிச் சமாளித்து வருகிறேன்.

இனி கோளாறு விஷயம். புது வண்டிக்குக் கண் படக்கூடாது என்று எல்லோரும் முன்னால் எலுமிச்சை, மிளகாய், படிகாரம் கோத்து, நாக்கை நீட்டுகிற ஒரு கறுப்புப் பொம்மையும் சேர்த்துத் தொங்கவிடுவார்கள். மற்றவர்கள் பொடிக்கயிற்றில் கட்டுவார்கள். கயிற்றுக் கடைக்காரன் வீட்டு வண்டிக்குப் பொடிக்கயிறா என்று ரத்தினம்மாள் கடைக்கே வந்து, காளைக்குப் போடுகிற மூக்கணாங்கயிற்றில் நல்ல திடமானதாகப் பார்த்து எடுத்துப்போய், வண்டி மூக்கில் அவளே கட்டினாள். பொம்மையும் அதற்கேற்ற சைஸ்.

மறுநாளிலிருந்து வண்டி கத்த ஆரம்பித்தது. வேகம் முப்பது வரைக்கும் சாது. முப்பத்தஞ்சைத் தொட்டால் கீ கீ கீ என்று ஒரே கூச்சல், எதிரே திரையில் சிவப்பாக ஏதோ இங்கிலீஷ் எழுத்து. நான் அதை எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் அணைந்துவிடும். ஆனால் நம்மைப் பார்த்து யாராவது கத்தினால் நின்றுவிடுவது எனக்குச் சின்ன வயசிலிருந்து பழக்கம், உடனே பிரேக் போட்டுவிடுவேன். எனக்குக் கார் கற்றுக்கொடுத்தவரும் கத்தித்தான் கற்றுக்கொடுத்தார் என்பதால் இது வண்டியின் குணம் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

அப்படியே வளைகாப்புக்கு வந்தேன். உங்கள் தெருவுக்குள் முப்பதில் நுழைந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. சம்பந்தி வீட்டு வாசலில் கம்பீரமாக வந்து நிற்கவேண்டும் என்று ஒரு மிதி மிதித்தேன். வாணிக்கு வளையல் போட்டுக்கொண்டிருந்த பெண்கள் அத்தனை பேரும் ஆம்புலன்ஸ் என்று நினைத்து வாசலுக்கு ஓடிவந்தார்கள். நீங்கள் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து, "இன்னாத்துக்கு சம்பந்தி அழுவுது?" என்றீர்கள். "புதுசு இல்லியா, இன்னும் பழகல" என்றேன். "வண்டி பழகலியா, நீங்க பழகலியா?" என்றீர்கள். பிறகு எல்லார் முன்னாலும், "கோளாறு வண்டிய நான் டிப்போவ விட்டு வெளிய எடுத்ததே இல்ல. எம் மருமவள இதுல ஏத்த மாட்டேன். சரி பண்ணிக்கினு வாங்க, இல்லனா பிரசவம் இங்கியே ஆவட்டும்" என்றீர்கள். அதில் தப்பில்லை. நானாக இருந்தாலும் என்னை நம்பி ஒரு ஆட்டுக்குட்டியைக்கூட ஏற்றமாட்டேன். ஆனால் ஏழு வகைச் சாதம் செய்து கொண்டுவந்து, காலிப் பாத்திரத்தோடு, பெண் இல்லாமல் திரும்பினோம் பாருங்கள், ரத்தினம்மாள் ஆரணியிலிருந்து செஞ்சி வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. வண்டி மட்டும்தான் என்னோடு பேசிக்கொண்டு வந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவள் வாய் திறந்தாள். "ஆரணிக்காரங்க கண்ணு பட்டுடுச்சு" என்றாள். (உங்களைச் சொல்லவில்லை, பொதுவாகச் சொன்னாள்.) சொன்ன கையோடு முதல் பொம்மைக்குப் பக்கத்தில், இன்னும் கொஞ்சம் மேலே, இரண்டாவது பொம்மையைக் கட்டினாள். மறுநாள் வண்டி இருபத்தஞ்சிலேயே கத்தியது. நான்கு நாள் பொறுத்தேன். வாணி படுக்க என்று ஜன்னலோரம் போட்டு வைத்த கட்டிலை ரத்தினம்மாள் தினமும் துடைக்கிறாள், துடைக்கும்போது என்னைப் பார்க்கிறாள். தாங்க முடியாமல் திண்டிவனத்தில் சர்வீஸ் சென்டருக்கு ஓட்டிப் போனேன்.

அங்கே மஞ்சு என்று ஒரு பொண்ணு, இன்ஜினியர். லேப்டாப்பைச் சொருகிப் பார்த்தது, ஒன்றுமில்லை என்றது. கூடவே உட்கார்ந்து ஒரு ரவுண்டு வந்தது. வண்டி கத்தினது. இறங்கி முன்னால் போய் நின்று கொஞ்ச நேரம் பார்த்தது.

"சார், இது இன்னா கயிறு?"

"மூக்கணாங்கயிறும்மா. நம்ம கடை சரக்கு."

"மாட்டுக்குப் போடறதா?"

"ஆமாம்மா. அறுந்துச்சுன்னு ஒருத்தர் திருப்பிக் கொண்டாந்தது கிடையாது."

அந்தப் பொண்ணு சிரித்த சிரிப்பில் பக்கத்து வண்டிக்கு அடியில் படுத்திருந்தவரும் வெளியே வந்துவிட்டார். விஷயம் என்னவென்றால், இந்த வண்டிக்கு முகத்தில் ஒரு கண் இருக்கிறதாம். எதிரே ஆளோ மாடோ வந்தால் அது பார்த்துக் கத்துமாம். மெதுவாகப் போகும்போது பொம்மை கண்ணுக்குக் கீழே தொங்குகிறது. வேகம் எடுத்தால் காற்றில் தூக்கிக்கொண்டு நேராகக் கண்ணுக்கு எதிரே வந்து நாக்கை நீட்டுகிறது. வண்டி பதினைந்து நாளாக அதைப் பார்த்துத்தான் பயந்து கத்தியிருக்கிறது. அதுதான் கோளாறு. எழுதிக்கொள்ளவும். கயிற்றை அறுக்கத்தான் மஞ்சுவுக்கு இரண்டு கத்தி ஆனது. சாமி சமாசாரத்தைத் தூக்கிப் போட முடியாது என்று இரண்டு பொம்மையையும் கயிற்றையும் மஞ்சள் பையில் சுற்றி டிக்கியில், முக்காலிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தேன்.

பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். புதன்கிழமை வந்தேன், நீங்களே ஓட்டி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்வந்து, "இப்ப சரி" என்று சொல்லி அனுப்பினீர்கள். வழி முழுக்க நான் நாற்பதைத் தாண்டவில்லை. வண்டி வாய் திறக்கவில்லை. ராஜகிரிக் கோட்டை கண்ணில் பட்டதும் ரத்தினம்மாள் என்னிடம் சிரித்துப் பேச ஆரம்பித்துவிட்டாள். வீட்டில் இறங்கின வாணி, கல்யாணத்துக்கு முன்னால் விடுவாளே, அதே இடத்தில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே போனாள். அதைப் பார்த்த பிறகுதான் வண்டிச் சாவியை மடியில் செருகினேன். சம்பந்தி, இனிமேல் கவலையில்லை. கோளாறு தீர்ந்தது, இந்தக் கடிதத்தையே என் கையெழுத்தாக வைத்துக்கொள்ளவும்.

பிள்ளை பிறந்த சேதி முதலில் உங்களுக்குத்தான் வரும். தாயும் பிள்ளையும் நல்லபடியாக இருந்து, நாம் இரண்டு குடும்பமும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட அந்த அங்காளம்மன் அருள வேண்டும். மாப்பிள்ளைக்கு என் ஆசி, சம்பந்தியம்மாவுக்கு ரத்தினம்மாளின் வணக்கம்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி
விநாயகம்

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்கு முன்னால் வாணி இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டாள். "இன்னா நைனா, மாமாகிட்டயே பொய்யி எழுதற? மிச்சத்த நீ எழுதறியா, நான் போன் போடட்டா?" என்கிறாள். எழுதிவிடுகிறேன். நாற்பதைத் தாண்டவில்லை என்று எழுதியது வழியில் சேத்துப்பட்டு வரைக்கும்தான் உண்மை. அதன் பிறகு கத்த ஆள் இல்லாததால் எவ்வளவில் போகிறேன் என்றே தெரியவில்லை. வளத்தி ஊரைத் தாண்டி ஆட்டுமந்தை ஒன்று குறுக்கே வந்தபோது உங்கள் மருமகள் எட்டிப் பார்த்துவிட்டு, "எம்பதுல போற நைனா" என்றாள். ஆடு, நாங்கள், எல்லோரும் முழுசு. ஆனால் அவள் வண்டியை ஓரங்கட்டச் சொல்லி, டிக்கியிலிருந்து மஞ்சள் பையை எடுக்கச் சொல்லி, அம்மாவிடம் பொம்மையை மறுபடி கட்டச் சொன்னாள். ஒரு பொம்மை போதுமே என்றேன். ரெண்டும் கட்டினால்தான் ஏறுவேன் என்றாள். அங்கிருந்து வீடு வரைக்கும் இருபத்தஞ்சைத் தாண்டவில்லை, இதற்கு வாணியே சாட்சி. வரும் செவ்வாய்க்கிழமை ஸ்கேனுக்கும் அப்படியேதான் போகிறோம். ஆகவே கோளாறு நோட்டில் வண்டியின் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதிக்கொள்ளவும். கயிறு இன்னும் வண்டி மூக்கில்தான் இருக்கிறது, இழுத்தால் நிற்பது நான்.