எருக்கலை வளவு

"இஞ்சருங்கோ, எருக்கலையைப் போய் ஆராவது தண்ணி ஊத்தி வளப்பினமே? அது ஆளில்லாத வளவில தானா முளைக்கிறதல்லோ!" என்றாள் தயாளினி.

"அது உள்ளூர்ச் செடி. வண்ணத்துப்பூச்சி அதிலதான் முட்டையிடும்," என்றான் அவள் கணவன் இராகுலன், வாளியைக் கீழே வைக்காமல்.

துறைமுகத்தில் கிளாக்கராக இருக்கும் இராகுலனுக்கு லிங்கநகரின் அந்த வாடகை வீடு உயிர். ஆறு வருடமாக இருக்கிறார்கள். பிள்ளைகளின் பள்ளிக்கூடம் கூப்பிடு தூரம். வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கக் கேட்டபோது வீட்டுச் சொந்தக்காரி இன்பமலர் ரீச்சரோ, "வளவை வந்து பாத்திட்டுத்தான் மிச்சம் கதைப்பம்," என்று கொழும்பிலிருந்து சொல்லியிருந்தார். ரீச்சர் உயிரியல் படிப்பித்தவர். உள்ளூர்ச் செடிகளைக் கண்டால் உருகிப்போவார் என்று இராகுலன் நம்பினான்.

சாம்பல்தீவுத் தெருவோரத்திலிருந்து ஆவரசு, தும்பை, எருக்கலை என்று சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து நட்டான். பூத்தது. தேனீ வந்தது. பின்னாலேயே மான் வந்தது. கோட்டைப் பக்கமிருந்து ஊருக்குள் உலாத்தும் மான்கள் வேலியை மதிப்பதில்லை. ஆவரசையும் தும்பையையும் அடியோடு தின்றுவிட்டு, எருக்கலையை மட்டும் முகர்ந்து பார்த்துவிட்டுப் போயின.

எனவே இராகுலன் வளவு முழுக்க எருக்கலை நட்டான்.

தபால்காரர் 'ஆளில்லை' என்று எழுதிக் கடிதத்தைத் திருப்பி அனுப்பினார். தயாளினியின் சித்தி போன் எடுத்து, "சொல்லாமல் கொள்ளாமல் கனடாவுக்குப் போட்டியளே," என்று அழுதார். இராகுலன் கேற்றில் ஒரு பலகை தொங்கவிட்டான்: 'இங்கே ஆட்கள் வசிக்கிறார்கள்.' அதற்குப் பிறகு ஊருக்குச் சந்தேகம் கூடியது.

ஒரே ஆறுதல், ஓட்டோக்கார பஹ்மி இடைக்கிடை வெளியூர் ஆட்களைக் கேற்றடிக்குக் கூட்டி வந்ததுதான்.

"பாத்தியே, வண்ணத்துப்பூச்சி பாக்க ஆக்கள் வருகினம்."

"பாத்த உடன ஓடுகினமே?" என்றாள் தயாளினி.

வெள்ளிக்கிழமை ரீச்சரின் போன் வந்தது. "ஞாயிறு வாறன். வளவு காடாக் கிடக்காமே?"

இராகுலன் மண்வெட்டியை எடுத்தான். சனி முழுக்க எருக்கலையைப் பிடுங்கினான். இலைக்கு இலை வண்ணத்துப்பூச்சிப் புழு. அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனாலும் பிடுங்கினான். கடையில் வாங்கிய குரோட்டன் செடிகளை வரிசையாக வைத்தான். தேனீ ஒன்று வந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போய்விட்டது.

ஞாயிறு காலை பஹ்மியின் ஓட்டோவில் ரீச்சர் இறங்கினார். கூடவே கண்ணாடி போட்ட ஒரு கனவான்.

"அடேயப்பா, என்ன வடிவு!" என்றார் ரீச்சர். கனவான் படமெடுத்தார். இருவரும் சிரித்துக் கதைத்தபடி கிணற்றடிப் பக்கம் போனார்கள்.

"ரீச்சருக்குப் பிடிச்சிட்டுது, பஹ்மி. இனி எங்களை ஆரும் இந்த வீட்டால எழுப்பேலாது," என்றான் இராகுலன், நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு.

பஹ்மி குரலைத் தாழ்த்தினான். "என்ன அண்ணே கதைக்கிறீங்க? இந்த வீட்டை வாங்க இவருக்கு முந்தி நான் கூட்டி வந்த நாலு பேரும் எருக்கலையைக் கண்டுதானே கேற்றடியில வச்சே திரும்பிப் போனாங்க!"