முனியப்பன் கோயில்ல ஒரு எம்.பி.ஏ. கால்

போன ஞாயித்துக்கிழமை எனக்கு இருந்தது ஒரே வேலை. பதினோரு மணிக்கு ஒரு வீடியோ கால் பேசணும். அவ்வளவுதான்.

கால்ல வரப்போறது நித்யான்னு ஒரு மேடம். நம்ம மார்க்கு, வேலை எல்லாத்தையும் பாத்து, வெளிநாட்டுப் பெரிய காலேஜ்ல எம்.பி.ஏ. கெடைக்குமா கெடைக்காதான்னு சொல்றது அவங்க தொழில். முதல் கால் இலவசம். இலவசம்னா விடுவேனா?

நான் பெங்களூர்ல ஃபைனான்ஸ் வேலைல இருக்கேன். கடன் கேட்டு வர்ற கம்பெனி தேறுமா தேறாதான்னு கணக்குப் போட்டுச் சொல்லணும். வாரம் பூரா ஊரையே எடை போடுறவ, இப்ப என்னைய எடை போடச் சொல்லி இன்னொருத்தர்கிட்ட போய் நிக்கறேன்.

இதுல அம்மாவோட ஒரு ஒப்பந்தம் வேற. மேடம் "வாய்ப்பு இருக்கு"ன்னு சொன்னா, ஒரு வருஷத்துக்கு வீட்ல கல்யாணப் பேச்சே கெடையாது. "தேறாது"ன்னு சொல்லிட்டா, நான் வாயத் தொறக்காம மாப்பிள்ளை பாக்கத் தலையாட்டணும். கால அம்மா முன்னாடியேதான் பேசணுமாம். அதுக்காகவே எங்க ஊரு அரூருக்கு பஸ் ஏறி வந்திருந்தேன்.

காலைல சுடிதார் மேல கறுப்பு கோட்டெல்லாம் போட்டு ரெடியா உக்காந்திருந்தேன். அப்பதான் அம்மா குண்டத் தூக்கிப் போட்டாங்க.

"முனியப்பன ஒரு வார்த்த கேக்காம எப்படி பாப்பா? பூ போட்டுப் பாத்துட்டு ஓடியாந்துரலாம். பத்தே நிமிசம்."

பூ கேக்கறது எங்க பக்கத்து வழக்கம். சாமி மேல ஈரப் பூவ ஒட்டி வெப்பாங்க. வலது பக்கம் விழுந்தா சரி. இடது பக்கம் விழுந்தா வேணாம். போர்வெல் போடறதுல இருந்து பொண்ணு எடுக்கறது வரைக்கும் கடைசி கையெழுத்து சாமியோடதுதான்.

போனோம். பூசாரி பூவ வெச்சாரு. விழல.

காத்திருந்தோம். விழல. பசை போட்ட மாதிரி அப்படியே நிக்குது!

"அம்மா, நேரமாவுது. போலாம்."

"கேட்டுப்புட்டு பதில் வாங்காம எந்திரிச்சா சாமி கோவிச்சுக்கும். உக்காரு."

ஃபோன் அடிச்சிருச்சு.

ஓடிப்போய் புளியமரத்தடில நின்னு எடுத்தேன். பின்னாடி யாரோ ஒரு குடும்பம் கெடா வெட்டுக்கு வந்திருக்காங்க. பம்பை கிழியுது. மாலை போட்ட கெடா ஒண்ணு என் தோளுக்குப் பின்னாடி கேமராவையே பாத்துட்டு நிக்குது.

மேடம் நல்ல இங்கிலீஷ்ல ஆரம்பிச்சாங்க. "அதிகாரம் இல்லாம அடுத்தவங்கள ஒத்துக்க வெச்ச ஒரு அனுபவம் சொல்லுங்க."

தொண்டையச் செருமி, "என்னோட தற்போதைய பணியில்..."னு ஆரம்பிச்சேன். நான் பேசுனதும் இங்கிலீஷ்தான்.

"மே..."ன்னுச்சு கெடா.

நகந்து நின்னு மறுபடி ஆரம்பிச்சா, ஒரு அக்கா என் கோட்ட புடிச்சு இழுக்கறாங்க. "மேடம், தாலுகா ஆபீஸ்தானுங்க நீங்க? எங்க பட்டா இன்னும் வரலீங்களே!"

கோட்டு செஞ்ச வேலை!

"யார் அது?"ன்னாங்க நித்யா மேடம்.

"க்ளையன்ட்"னுட்டேன். வெக்கமே இல்லாம.

மேடம் பாவம், சிரிக்காம வேலையப் பாத்தாங்க. "ஸ்கோர் நல்லாருக்கு. வேலையும் நல்லாருக்கு. ஆனா உங்கள மாதிரியே ஃபைனான்ஸ்ல இருந்து ஏகப்பட்ட பேர் வர்றாங்க. நீங்க யாருன்னு இதுல தெரியவே இல்லை."

மாப்பிள்ளை வீட்டுக்காரங்களுக்கு காபி நீட்டுற என் கை கண்ணுக்குத் தெரிஞ்சுது.

"அப்ப வாய்ப்பு இருக்கா, இல்லையா மேடம்?"

அதே நேரம் சாமிகிட்ட இருந்து ஒரே கூச்சல். "உழுந்துருச்சு! உழுந்துருச்சு!"

திரும்பிப் பாத்தேன். பூ வலதும் போகல, இடதும் போகல. நேரா கீழ, முனியப்பன் ரெண்டு காலுக்கும் நடுவுல கெடக்குது.

பூசாரி கையப் பெசஞ்சாரு. "சாமி ரோசன பண்ணுதுங்க."

ஃபோன்ல மேடம் சொல்றாங்க, "உண்மையச் சொன்னா, எந்தப் பக்கம் வேணாலும் போகலாம்."

ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கிட்டாங்களா!

அப்பதான் மேடத்தோட இங்கிலீஷ் திடீர்னு காணாமப் போச்சு. "ஏங்க, அங்க பூ கேக்கறாங்களாங்க? எங்கம்மா வூடு பென்னாகரம்ங்க. பாத்து எவ்ளோ நாளாச்சு!" அப்புறம் குரலத் தாழ்த்தி, "எனக்கு ஒண்ணு கேட்டுச் சொல்ல முடியுமாங்க?"

"என்ன மேடம்?"

"ஒரு வரன் வந்திருக்கு. செய்யலாமா வேணாமான்னு ஒரே கொழப்பம்..."

அவ்வளவுதான். பக்கத்துல வந்து நின்ன அம்மா ஃபோனப் புடுங்கிட்டாங்க. பூசாரிய ஒரு அதட்டல். பூ வெச்சு கைய எடுக்கல, டொப்புனு இடது பக்கம் விழுந்துருச்சு!

"உட்ரு கண்ணு, அந்தப் பையன் வேணாம்"னாங்க அம்மா. "நீ ஒண்ணும் கவலப்படாத. என்ன நட்சத்திரம் சொல்லு. எங்கிட்ட நல்ல நல்ல எடமா இருக்குது."

பொறுப்பா பாத்து வெச்சிருந்தது அத்தனையும் எனக்கு! ஒவ்வொண்ணா எடுத்து விடறாங்க. அந்தப் பக்கம் மேடம், "சம்பளம் எவ்ளோங்க ஆன்ட்டி? கூடப் பொறந்தவங்க எத்தன பேருங்க?"ன்னு எடை போடறாங்க. என்கிட்ட கூட இவ்ளோ விவரமா கேக்கல.

என் கால் நேரம் முடிஞ்சு, மேல அரை மணி நேரம் ஓடுச்சு. கடைசியா ஃபோன் என் கைக்கு வந்தப்ப மேடம் அவசரமா, "இந்த வருஷமே அப்ளை பண்ணுங்க, வாய்ப்பு இருக்கு"ன்னு சொல்லிட்டு வெச்சுட்டாங்க. அம்மா காதுலயும் விழுந்துச்சு. எனக்கு வந்த சந்தோஷத்துல கெடாவக் கட்டிப் புடிச்சிருப்பேன், அதுக்குள்ள அத வெட்டிட்டாங்க.

அம்மா சொன்ன வாக்கக் காப்பாத்தறாங்க. என் கல்யாணத்தப் பத்தி ஒரு வார்த்தை பேசல. பேச நேரமில்ல, அம்மா சொன்ன எடத்துல இருந்து நித்யா மேடத்த அடுத்த வாரம் பொண்ணு பாக்க வர்றாங்க.