கார்ப்பெட்டுக்குச் சீயக்காய்

தென்காசி,
சாரல் விடாத ஒரு செவ்வாய்க்கிழமை.

அன்பு மைத்துனன் மணிமுத்துவுக்கு உன் அத்தான் கடற்கரை ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நானும், உன் அக்கா முத்துலட்சுமியும், நீ அனுப்பிவைத்த கார்ப்பெட் கழுவும் மிஷினும் ஒரே கூரையின் கீழ் உயிரோடு இருக்கிறோம். அங்கே சார்ஜாவில் நீயும் உன் வேலையும் பிரியாமல் இருக்க இலஞ்சி குமாரர் அருள் புரியட்டும்.

அந்த வேலையைப் பற்றித்தான் இந்தக் கடிதமே. இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று சிரிக்காதே. போனில் பேசினால் உன் அக்கா ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறாள். அதனால் லீவு முடிந்து கிளம்பும் உன் சிநேகிதன் கடையநல்லூர் மசூது கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். விஷயம் இதுதான்: நீ ராஜினாமா கொடுத்துவிடாதே. "அத்தான், நீங்க மொதல்ல ஆரம்பிங்க, தொழில் ஓடுச்சுன்னா நான் வேலைய விட்டுட்டு ஊருக்கே வந்துருதேன்" என்று சொன்னாயே, தொழில் ஓடவில்லை மாப்பிள்ளை, படுத்துவிட்டது. பஸ் டிப்போவில் காலமெல்லாம் டைம் கீப்பராக இருந்தவன் நான். எந்த வண்டி எங்கே போய் நிற்கும் என்று கிளம்பும்போதே சொல்லிவிடுவேன். இதுவும் அப்போதே தெரிந்துவிட்டது என்று எழுதத்தான் ஆசை. தெரியவில்லையே, என்ன செய்ய.

மிஷின் வாசலில் வந்து இறங்கியதும் உன் அக்கா அதைப் புது பைக் என்று நினைத்தாளோ என்னவோ, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, நாலு சக்கரத்துக்கும் கீழே எலுமிச்சம்பழத்தை வைத்து "ஏத்துங்க" என்றாள். ஏற்றினேன். அதோடு விட்டாளா? அழுக்குத் தண்ணீரை உறிஞ்சுகிற வாய் ஒன்று இருக்கிறதே, அதற்குள்ளும் கையை விட்டுக் குங்குமத்தை அப்பினாள். "அதுதான வேலை செய்யுத எடம், அதுக்கு வைக்காண்டாமா?" என்று கேட்டாள். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. மறுநாளே முதல் வேலை கிடைத்தது. குற்றாலத்தில் ஐந்தருவி ரோட்டில் லாட்ஜ் வைத்திருக்கும் எபனேசர், தன் டீலக்ஸ் ரூமில் கிடந்த சந்தன நிறக் கார்ப்பெட்டைச் சுத்தம் பண்ணக் கூப்பிட்டார். அருவிக்குப் போகிற ஜனம் மேலெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு, செல்போனை மறந்துவிட்டோம் என்று அதே காலோடு ரூமுக்குள் வந்து போகுமாம். ஒவ்வொரு சீசனுக்கும் எண்ணெய் குடித்துக் குடித்து அந்தக் கார்ப்பெட் பரோட்டா மாதிரி பளபளவென்று இருந்தது. நான் இங்கிலீஷில் இரண்டு வார்த்தை பேசிவிட்டு மிஷினைப் போட்டேன். அது போன வழியெல்லாம் செக்கச்செவேல் என்று ஒரு கோடு. எபனேசர் குனிந்து பார்த்துவிட்டு, "என்ன அண்ணாச்சி, கறைய எடுக்கச் சொன்னா கார்ப்பெட்டுக்குப் பொட்டு வச்சு விட்டுருக்கிய!" என்றார். பதற்றத்தில் நீ அனுப்பிய சோப்பு மருந்தை முழுசாக ஊற்றினேன். நுரை கட்டிலுக்கு மேலே வந்தது. நுரைக்கு மேலே எண்ணெய் வந்தது. எண்ணெயில் மிஷின் வழுக்கியது, மிஷினைப் பிடித்துக்கொண்டிருந்த நானும் வழுக்கினேன். இடுப்பு இன்னும் சரியாகவில்லை, அதை விடு.

விபரம் தெரிந்து உன் அக்கா ஆட்டோ பிடித்து வந்துவிட்டாள். பார்த்ததும் என்னைத்தான் ஏசினாள். "எண்ணெய்க்கு யாராவது சோப்பு போடுவாவளா? எண்ணெய்ன்னா சீயக்கா. தலைக்கு ஒரு நியாயம், கார்ப்பெட்டுக்கு ஒரு நியாயமா?" நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன், சத்தமாகச் சொல்லவில்லை. லாட்ஜ் சமையல்கட்டில் வடிகஞ்சி வாங்கி, அதில் சீயக்காயைக் கலக்கி, இரண்டு பேருமாக மண்டி போட்டுத் தேய்த்தோம். எண்ணெய் போய்விட்டது, பொய் சொல்லக்கூடாது. குங்குமமும் போனது, அதோடு சந்தன நிறமும் போய்க் கார்ப்பெட் வெந்தயக்குழம்பு நிறத்துக்கு வந்துவிட்டது. சரி, காயட்டும் என்று மொட்டைமாடிக்குத் தூக்கிப் போனால் மேலே சாரல். இந்த ஊரில் சீசன் நேரத்தில் கைக்குட்டை காயாது, கார்ப்பெட் எங்கே காயும்? கீழே கொண்டுவந்து வராந்தாவில் தொங்கப்போட்டோம். ரெண்டாம் நாள் ஒரு வாடை கிளம்பியது பார், எபனேசரின் நாய் எழுந்து வேறு தெருவுக்குப் போய்விட்டது. உன் அக்கா அசரவில்லை. "குளிச்சிட்டு ஈரத்தலைக்கு என்ன செய்வோம்? சாம்பிராணி போடுவோம்லா?" என்று தூபக்காலைக் கொண்டுவந்து அடியில் வைத்துவிட்டாள். கஞ்சித் தண்ணீர் விரைத்துப்போய்க் கார்ப்பெட் மடிப்பு வேட்டி மாதிரி நட்டமாக நிற்க, அதன் நாலு பக்கமும் புகை. மதுரைக்காரர் ஒருவர் கதவைத் திறந்து பார்த்துவிட்டு "தீ! தீ!" என்று கத்தினார் பார், லாட்ஜே ரோட்டுக்கு வந்துவிட்டது. துண்டோடு பாதிப் பேர், எண்ணெயோடு மீதிப் பேர். எபனேசர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணாச்சி, ஒங்களுக்குக் கோடி புண்ணியம், மிஷின எடுத்துட்டுக் கெளம்புங்க" என்றார். கார்ப்பெட்டை அதே ரூமில் விரித்துப் போட்டுவிட்டு வந்துவிட்டோம்.

அதனால் மாப்பிள்ளை, அங்கேயே இரு. இதை எழுத எனக்கு மட்டும் சந்தோஷமா? உன் மகள் அப்பா என்றால் போனுக்குள்ளே குடியிருக்கிற ஆள் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறாள். உன் வீட்டுக்காரி ஜெயபிரியா வரும்போதெல்லாம் "அவுக எப்ப வருதாவ அண்ணே?" என்று கேட்கிறாள். நான் பேப்பரை எடுத்து முகத்தை மறைத்துக்கொள்கிறேன். ஆனாலும் சீயக்காயை நம்பி ஒருவன் வேலையை விடக்கூடாது. மிஷினை மசூதுவின் தம்பிக்குத் தள்ளிவிடப் பார்க்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள், வெயிலில் அலையாதே, சகல காரியமும் ஜெயமாகட்டும்.

இப்படிக்கு,
உன் நலம் நாடும் அத்தான்,
கடற்கரை

பி.கு: கவரை ஒட்டப்போகும் நேரத்தில் எபனேசர் வீடு தேடி வந்து நிற்கிறார். அடிக்கத்தான் வந்திருக்கிறார் என்று கொல்லைப்பக்கம் போய்விட்டேன். விஷயம் வேறு. ஊரில் அத்தனை லாட்ஜும் ஈரவாடை அடிக்கும்போது அந்த ஒரு ரூம் மட்டும் கோயில் மாதிரி மணக்கிறதாம். வருகிறவர்கள் செருப்பை வெளியே கழற்றி, எண்ணெய்க் காலைத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே போகிறார்களாம். போன் பண்ணுகிறவர்கள் எல்லாம் "சாம்பிராணி ரூம் இருக்கா?" என்று கேட்கிறார்களாம். எல்லா ரூமுக்கும் அதே மாதிரி செய்யணுமாம், பக்கத்து லாட்ஜ்காரரையும் கூடவே கூட்டி வந்திருக்கிறார். மேலே எழுதியதையெல்லாம் கிழித்துப் போடு. சீயக்காய் யோசனை உன் அக்காவுடையது என்று எழுதிய இடத்தை மட்டும் முதலில் கிழி. எபனேசரிடம் அது என் யோசனை என்று சொல்லியாகிவிட்டது. மசூது வாசலில் ஹாரன் அடிக்கிறான், திரும்ப எழுத நேரமில்லை. ராஜினாமாவைக் கொடுத்துவிடு. ஜெயபிரியாவிடம் நீ வருகிறாய் என்று இப்போதுதான் சொன்னேன், ஓவென்று அழுதுவிட்டாள். இனிமேல் மாற்றிச் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. வந்துருலே.