கார்க்காரர் விற்ற கடைசிக் கார்

கார் விற்பவர்களைப் போல வாரிக் குவிக்கிறவர்கள் இந்தப் பூவுலகில் வேறு எவரும் இல்லை. சந்தேகப்படுகிறவர்கள் அவர்களுடைய டையைப் பார்க்க வேண்டும். அவ்வளவு பளபளப்பாகக் கழுத்தை இறுக்கிக்கொண்டு ஒருவன் ஏழையாக இருக்க நியாயமே இல்லை.

நம் கதாநாயகரைத் தெருவே 'கார்க்காரர்' என்றுதான் கூப்பிடும். அவர் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போவதை எளிமை என்று மெச்சினார்கள். கைமாற்று கேட்டு வந்தவர்களிடம் இல்லை என்று சொன்னால், பணம் சேரச் சேர மனசு சுருங்கிவிடுகிறது என்று முணுமுணுத்தார்கள். அவர் வீட்டுக் கூரை ஒழுகியது மட்டும் யார் கண்ணிலும் படவில்லை. அது உள்ளே அல்லவா ஒழுகியது!

"இந்த மாசமாவது ஊக்கத்தொகை வந்துருமா? முன்பணம் கொடுத்துட்டு ஒழுகாத வீடாப் பார்த்துப் போயிடலாங்க. பாப்பாவுக்கு மறுபடியும் சளி" என்றாள் மனைவி.

"ஒரே ஒரு வண்டிதான் பாக்கி. அது போயிட்டா பணம் கைக்கு வந்த மாதிரிதான்."

ஊக்கத்தொகையின் தத்துவம் மிக உன்னதமானது. மாதத்துக்குரிய எண்ணிக்கையை எட்டினால் முழுத்தொகை. ஒன்று குறைந்தாலும் மேலாளரின் முழு அனுதாபம்.

மாதக் கடைசி நாளன்று ஷோரூமுக்கு வந்தவர் ஒரே ஒருவர். அவரும் ஏ.சி.யில் உட்கார்ந்து வியர்வை ஆறியதும் எழுந்து போய்விட்டார். மாலையில் மேலாளர் கார்க்காரரை அறைக்குள் அழைத்தார்.

"உனக்குத் தெரிஞ்சவங்க யாருமே இல்லையாப்பா?"

"எல்லாரையும் கேட்டுப் பார்த்துட்டேன் சார்."

"உன்னையே உனக்கு நல்லாத் தெரியுமில்ல?"

கார்க்காரர் திருதிருவென்று விழித்தார். "எனக்கு எதுக்கு சார் காரு?"

"இதையே ஒரு கஸ்டமர் கேட்டா என்ன சொல்லுவே?"

அவ்வளவுதான், பல வருஷப் பயிற்சி பொங்கி எழுந்தது. மைலேஜைச் சொன்னார், சுலபத் தவணையைச் சொன்னார், குடும்ப கௌரவத்தைச் சொன்னார். வாடிக்கையாளர் கொஞ்சம் முரண்டு பிடித்துப் பார்த்தார்; விற்பனையாளர் விடவில்லை. கடைசியில் இருவரும் ஒரே கையால் கையெழுத்துப் போட்டார்கள். அட்டையில் செய்த பெரிய சாவியை அவரே கொடுத்து அவரே வாங்குகிற மாதிரி படம் எடுக்கத்தான் சற்றுச் சிரமமாக இருந்தது.

ஊக்கத்தொகை சொன்னபடி வந்தது. வந்த வேகத்தில் காருக்கான முன்பணமாகத் திரும்பிப் போனது. மனைவி ஒழுகுகிற இடத்தில் பாத்திரத்தை வைத்துவிட்டு அழுதாள். அவருக்கும் அழுகையாகத்தான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மழை கொட்டோ கொட்டென்று கொட்டிக்கொண்டிருந்தபோது, தலைமையகத்திலிருந்து ஒரு பெண் போன் செய்து 'வாடிக்கையாளர் கருத்து' கேட்டாள். பத்துக்குப் பத்து வராவிட்டால் விற்றவருடைய அடுத்த ஊக்கத்தொகை 'மறுபரிசீலனை' செய்யப்படும்.

"வண்டி வித்தவர் எப்படி நடந்துக்கிட்டார் சார்?"

"தங்கமான மனுஷருங்க. பத்து போடுங்க."

"கட்டாயப்படுத்தி எதுவும் விக்கலியே?"

"சேச்சே! அவருக்கு அதெல்லாம் வராதுங்க."

"வண்டியில உங்களுக்கு ரொம்பப் பிடிச்சது எது சார்?"

பின்சீட்டில் பாப்பாவை மடியில் போட்டுக்கொண்டிருந்த மனைவி எட்டிப் போனைப் பிடுங்கினாள்.

"ஒழுகலம்மா! மழை விடுற வரைக்கும் நாங்க மூணு பேரும் இதுலதான் குடியிருக்கோம். கார் வித்தா எவ்வளவு சம்பாதிக்கலாம்னு யாராவது கேட்டா, இங்க வந்து பார்க்கச் சொல்லுங்க!"