ஒன்பது மார்க்குக்கு ஒரு மனு

மகள் செவ்வந்தி கணக்கில் நூற்றுக்கு ஒன்பது வாங்கி வந்த அன்று மணிவேலுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"இதுக்கு யாரு காரணம்னு தெரிஞ்சாவணும். வுட மாட்டேன்!"

தன் புளியந்தோப்பே அதிரக் கத்திவிட்டு, ஏழாம் வகுப்பு வாத்தியார்மேல் மனு எழுதினான். எழுதுகிறவன் சும்மா விடுவானா? தண்டனையையும் அவனே எழுதினான். ‘காரணமானவர் தினமும் சாயங்காலம் ஆறு முதல் எட்டு வரை பிள்ளையுடன் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும். அந்த இரண்டு மணி நேரமும் செல்போனைத் தொடக்கூடாது.’ அதை ஹெட்மாஸ்டர் கையில் கொடுத்துவிட்டு, மீசையை முறுக்கிக்கொண்டு திரும்பினான்.

பாவம், ஒன்றை மறந்துவிட்டான். இந்த மாதிரிப் புகார்களைப் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவிதான் விசாரிப்பார். போன வருஷம், "சும்மா போய் உக்காரு, டீ பிஸ்கட் குடுப்பாங்க" என்று தன் மனைவி அம்சவல்லியைத் தலைவியாக்கி விட்டவனே அவன்தான்.

மறுநாள் வீட்டுக்குள் நுழைந்தால், அம்சவல்லி பிளாஸ்டிக் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கையில் மனு. மடியில் பள்ளிக்கூடத்திலிருந்து வாங்கி வந்த காகிதக் கட்டு.

"மனுதாரர் யாரு?"

"இன்னாடி, புருஷனைத் தெரியலியா?"

"‘டி’ போடாதீங்க, விசாரணை நடக்குது. புள்ளைக்குக் கணக்கு ஏன் வரல?"

"வாத்தியாரு நடத்துனாதானே வரும்!"

"நடத்துன அன்னிக்கிப் புள்ள அங்க இருந்துச்சா?" கட்டைப் பிரித்தாள். "பதினோரு லீவு லெட்டரு. எல்லாத்துலயும் வயித்து வலி. கீழ உங்க கையெழுத்து."

மணிவேல் குரலை இறக்கினான். "புளி உலுக்குற சீசனு. ஒடுகத்தூர் யாவாரி லாரியோட வந்து நிக்கிறான். பொறுக்க ஆள் வேணாமா?"

"அப்ப வயித்து வலி புளியமரத்துக்கு."

"அம்சா... நமக்குள்ள பேசிக்கலாமே..."

"உங்க மனுவை ஏத்துக்கிட்டேன். தண்டனையில ஒரு எழுத்துகூட மாத்தல. போனைக் குடுங்க."

தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். மணிவேலைப் பின்னக் கணக்காக வந்து சுட்டது. இரண்டு சாயங்காலம் மல்லுக்கட்டினான். அவன் போட்ட கணக்கையெல்லாம் செவ்வந்தி சிவப்பு மையால் சுழித்தாள். மூன்றாம் நாள் மணி ஆறாகும்போதே பேனாவைத் தேடினான். ஒரு தாளை எடுத்து, ‘கடும் வயிற்று வலி காரணமாக இன்று ஒரு நாள் விடுப்பு அளிக்குமாறு’ என்று பணிவோடு எழுதி மனைவியிடம் நீட்டினான்.

அம்சவல்லி நிதானமாகப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"கீழ பெத்தவங்க கையெழுத்து இல்லியே?"