சீசாவில் கொண்டுபோன கண்ணீர்

என் கையெழுத்து கோழி கிளறிய குப்பை மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எழுத்துப் பிழை அங்கங்கே கிடக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்லத் தைரியம் இருந்தால் இதை எழுதவே வேண்டியதில்லை. நாலு பேர் கூடி நின்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். கல்யாணத்தில் ஐயர் என் பெயரைக் கேட்டபோது என் அக்காதான் பதில் சொன்னாள்.

இப்படிப்பட்டவனிடம்தான் மாமனாரின் கண்களை ஒப்படைத்தார்கள்.

நான் அப்போது திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டைகளை எடை போட்டுக்கொண்டிருந்தேன். மாமனாருக்கு மயிலம் பக்கத்தில் கிராமம், சொந்த நிலம். வெகுகாலமாகச் சர்க்கரை வியாதி. இரண்டு கண்ணிலும் புரை முற்றி, எதிரில் நிற்பது மாடா மனுஷனா என்று கேட்டுக்கொண்டுதான் பேச ஆரம்பிப்பார். விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். புரையை எடுத்துவிட்டு அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்திருந்தோம்.

அங்கே மூத்திரத்தை மருந்தில் விட்டுக் காய்ச்சினார்கள். நீல மருந்து செங்கல் நிறமானது; சர்க்கரை அவ்வளவு ஏறியிருந்ததாம். டாக்டர் ஒரு சின்னக் காகிதத் துண்டைக் கீழ் இமையில் செருகிவிட்டுக் காத்திருந்தார். எடுத்தபோது அது காய்ந்தபடியே இருந்தது.

"கண்ணுல ஈரமே இல்லியேய்யா. சர்க்கரைக்காரங்களுக்கு இப்படி ஆவுறது உண்டு. இதுல இப்ப கத்தி வெச்சா புண்ணு ஆறாது. சீழ் புடிச்சா இருக்கிற வெளிச்சமும் போயிடும்."

"அப்ப ஆபரேசன் இல்லீங்களா?" என்றார் மாமனார்.

"முதல்ல சர்க்கரை இறங்கணும், கண்ணு நனையணும். சொட்டு மருந்து தர்றேன். பகல் பூரா ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் விடணும். ஒரு வேளை தப்பினாலும் எங்கிட்ட வராதீங்க."

கடைசி வார்த்தையை என்னைப் பார்த்துச் சொன்னார். பயத்தில் அவருக்கும், கம்பவுண்டருக்கும், வாசலில் படுத்திருந்த நாய்க்கும் கும்பிடு போட்டுவிட்டு வந்தேன்.

மண்டியில் லீவு சொல்லி, மாமனார் வீட்டிலேயே தங்கினேன். வீட்டில் கடிகாரம் கிடையாது. ரயில் கூவுவதும் நிழல் விழுவதும்தான் எனக்குக் கணக்கு.

இதற்கு நடுவில் மாமனாரின் தம்பி இறந்துபோனார். கிணற்றுத் தண்ணீர் முறையில் சண்டை வந்து, அண்ணனும் தம்பியும் பல வருஷமாகப் பேசிக்கொள்ளவில்லை. அண்ணன் வருவாரா என்று ஊரே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தது. என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். தம்பியின் காலடியில் உட்கார்ந்து பாதத்தைத் தடவினார். கண்ணில் பொட்டு ஈரமில்லை.

"கல்லு மாதிரி குந்திக்கினு இருக்கான் பாரு" என்று பின்னால் ஒருவர் சொன்னார்.

திரும்பி, சர்க்கரை, காகிதம், டாக்டர் எல்லாவற்றையும் நான் விளக்கியிருக்கலாம். (நானா!)

வாய்க்கரிசி போடும் நேரம் வந்தது. மாமனார் கையில் அரிசியை எடுத்தார். பகல் வண்டி கூவியது.

வேறு யாராக இருந்தாலும் வண்டியைக் கூவ விட்டிருப்பான். எனக்கோ டாக்டர் முகம்தான் தெரிந்தது. மடியிலிருந்து சீசாவை எடுத்து, மாமனாரின் தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணுக்கு இரண்டு சொட்டு விடப் போனேன். சீசா அளவுக்கு மேல் சாய்ந்து அபிஷேகமே நடந்தது. மருந்து கன்னத்தில் வழிந்து, மீசையில் தங்கி, தம்பியின் வேட்டியில் சொட்டியது.

ஒப்பாரி நின்றது. இறந்தவரின் மனைவி, எனக்குச் சின்ன மாமியார், தலையைத் தூக்கிப் பார்த்தார். பிறகு மாரில் அடித்துக்கொண்டு அதே ராகத்தில் எடுத்தார்:

"சீசாவுல கண்ணீரு
சிந்த வந்த மூத்தாரே,
மாப்பிள்ளய கூட்டிவந்து
மளமளன்னு அழுதீரோ!"

சுற்றியிருந்த பெண்கள் அதை வாங்கிப் பாடினார்கள். ஆண்கள் சிரிப்பை மறைக்க இருமினார்கள். நான் சீசாவின் தக்கையைத் தேடினேன். அது என் பல்லிடுக்கில் இருந்தது. அன்று நான் வாய் திறக்காததற்கு இருந்த ஒரே நியாயமான காரணம் அதுதான்.

வீட்டுக்கு வந்ததும் மாமனார் கேட்டார்: "பாட்டு நல்லாத்தான் கட்டினா, இல்ல மாப்ள?"

"மன்னிச்சுக்குங்க மாமா."

"வுடு. அழுவை உள்ள முட்டிக்கினுதான் நிக்குது. கண்ணுக்கு வரல." துண்டால் மீசையைத் துடைத்துக்கொண்டு, "அவன் மூஞ்சி எப்படிப்பா இருந்துச்சு? எனக்கு வெள்ளையா என்னமோ தெரிஞ்சுது, அவ்ளோதான்" என்றார்.

சீசாவையும் தரையையும் தவிர நான் எதையும் பார்த்திருக்கவில்லை.

"தூங்குற மாதிரி இருந்துச்சு மாமா."

"அப்படியா" என்றார். அடுத்த வேளை மருந்துக்குத் தானே தலையைச் சாய்த்துக் கொடுத்தார்.

மருந்து ஒரு வேளையும் தப்பவில்லை. பிறகொரு தடவை போனபோது நீல மருந்து பச்சையோடு நின்றது, காகிதமும் நனைந்தது. ஆபரேஷன் நடந்தது. சோடா பாட்டில் அடி மாதிரி கண்ணாடி போட்டுக்கொண்டு மாமனார் நேராகத் தம்பி வீட்டுக்குப் போனார். தம்பியின் மூத்த மகனை வெளிச்சத்தில் நிற்கவைத்து வெகுநேரம் பார்த்தார். "அதே மூக்கு" என்றார். கிணற்றைப் பற்றி யாரும் பேசவில்லை.

எனக்கு மட்டும் 'சீசா மாப்பிள்ளை' என்ற பெயர் நின்றுவிட்டது. எந்தச் சாவு வீட்டில் நுழைந்தாலும், "சீசா வந்துட்டாரு, இனிமே அழுவலாம்" என்பார்கள்.

இந்த மார்கழியில் மாமனார் போய்விட்டார். கண்ணாடியைக் கழற்றி என் கையில் கொடுத்தார்கள். சுவரோரம் நின்று, மூக்கு ஒழுக அழுதேன். சின்ன மாமியார் ஒப்பாரிக்கு நடுவில் நிமிர்ந்து, "சீசா எங்க மாப்ள?" என்றார்.

"எடுத்துக்கினு வரல அத்த. இது என்னுது" என்றேன்.

நாலு பேர் நடுவில் நான் பேசிய முதல் பேச்சு அதுதான். அதையும் இப்போது அந்தப் பாட்டோடு சேர்த்துவிட்டார்கள்.

1969, காணும் பொங்கல் அன்று எழுதியது.