பனியன் துணியில் ஓடிய ஜாம் படம்

ஒரு பனியன் துணியில் இருந்த நாலு ஓட்டைகளால்தான் எனக்கு வேலை நீட்டிப்பு கிடைத்தது. திறமையால் கிடைத்தது என்று வீட்டில் நான் சொல்லி வைத்திருந்ததெல்லாம் சும்மா.

அப்போது எனக்கு இருபத்து நாலு வயது. மனையியல் பட்டம் வாங்கிய சூட்டோடு, கிராமத்து மகளிர் குழுக்களுக்கு உணவு பதப்படுத்தக் கற்றுக்கொடுக்கும் ஒப்பந்த வேலையில் சேர்ந்திருந்தேன். ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிகிறது. மேலதிகாரி நேரில் வந்து ஒரு வகுப்பைப் பார்த்து நாலு வார்த்தை நல்லதாக எழுதினால் இன்னொரு வருஷம் ஓடும். இல்லாவிட்டால் மங்கலத்தில் எங்கள் தறிக்கூடத்தில் உட்கார்ந்து நூல் சுற்ற வேண்டியதுதான். (அப்பா எனக்கென்று புது ஸ்டூலே வாங்கிப் போட்டுவிட்டார். என் மேல் அவ்வளவு நம்பிக்கை.)

அந்த அதிகாரிக்கு ஒலி ஒளி சாதனங்கள் மேல் தீராத பக்தி. வெறும் வாயால் பாடம் நடத்துகிறவர்களைக் கண்டாலே முகம் சுளிப்பார். அதனால் தக்காளி ஜாம் செய்வது பற்றிய ஒரு படம், டிவிடி பிளேயர், புரொஜெக்டர், ஸ்பீக்கர், நானே வீட்டில் செய்த ஒரு பாட்டில் மாதிரி ஜாம் என்று எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊத்துக்குளிப் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்குப் போய் இறங்கினேன். வெள்ளைத் திரையை மட்டும் திருப்பூர் பஸ் ஸ்டாண்டில் சாய்த்து வைத்த இடத்திலேயே விட்டுவிட்டேன்.

சமுதாயக் கூடத்துச் சுவரோ கிளிப்பச்சை. அதில் படம் காட்டினால் தக்காளி ஜாம் புதினாச் சட்னியாகத்தான் தெரியும். எனக்கு அழுகையே வந்துவிட்டது. குழுத் தலைவி சரசக்காதான் தோளைத் தட்டினார்.

"இதுக்குப் போயி கண்ணுல தண்ணி வுடுவாங்களா டீச்சர்? எங்கூட்டுக்காரரு அருள்புரத்துக் கம்பெனில இருந்து கொண்டாந்த பனியன் துணி கெடக்குதுங்க. வெள்ள வெளேர்னு இருக்கும். கட்டிப்போடலாம்."

கட்டினோம். பனியன் துணிக்கு ஓரம் சுருட்டிக்கொள்ளும் குணம் உண்டு என்பது நான் படித்த மனையியலில் இல்லை. கீழ்ப்பக்கம் பாய் மாதிரி சுருண்டு மேலேறியது. நிற்கட்டும் என்று, ஜாம் செய்து பார்க்கப் பெண்கள் கொண்டுவந்திருந்த தக்காளிப் பைகளை இரண்டு மூலையிலும் கட்டித் தொங்கவிட்டேன். துணி கீழே இழுபட்டு விறைப்பாக நின்றது. விளக்கை அணைத்துப் படத்தைப் போட்டேன்.

ஐந்தே நிமிடத்தில் கூடம் கப்சிப் ஆகிவிட்டது. முப்பது பெண்களும் முன்னால் சாய்ந்து கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. (நீட்டிப்பு என்ன, பதவி உயர்வே கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.) படம் முடியப்போகும் நேரத்தில் சரசக்கா எழுந்து திரையருகே போனார். பர்ஸிலிருந்து ஒரு தாளை எடுத்து, அதிலிருந்து சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றைப் பிய்த்து, படத்தில் ஜாம் கிண்டிக்கொண்டிருந்த அம்மாவின் மூக்கில் ஒட்டினார்.

"என்னக்கா பண்றீங்க?"

"ஓட்டைங்க டீச்சர்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாரத்தில் ஆறு நாளும் அவர்கள் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறவர்கள். துணியில் ஓட்டையோ கறையோ கண்ணில் பட்டால் உடனே அம்பு ஒட்ட வேண்டும். அதுதான் அவர்கள் வேலை.

"அக்கா, அந்தத் தக்காளிக்குக் கீழ எண்ணெய்க் கறைங்க!" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"பாத்துட்டேன் கண்ணு. நீ அந்தக் கரண்டிப் பக்கம் பாரு. கம்பெனி டேபிள்ல கூட இத்தன வெளிச்சம் இல்ல!"

"படத்தைப் பாருங்கக்கா!" என்று கெஞ்சினேன்.

"பாத்துட்டுத்தானுங்க இருக்கறோம்" என்றார் சரசக்கா, ஏழாவது அம்பை ஒட்டிக்கொண்டே.

சரியாக அந்த நேரத்தில் அதிகாரி உள்ளே வந்தார். திரையைப் பார்த்தார். ஏழு சிவப்பு அம்புகள். அவர் முகம் மலர்ந்தது.

"அடடா! கவனிக்க வேண்டிய இடங்களை அம்பு போட்டுக் காட்டியிருக்கீங்களே! யாரோட யோசனை?"

"என்னோடதுதான் சார்." (வெட்கமே இல்லாமல் சொன்னேன்.)

"அந்தம்மா மூக்குல எதுக்கு?"

"மணம் சார். ஜாம் பதம் வந்துட்டா மணத்துலயே தெரிஞ்சுடும்."

அதை நோட்டில் வேறு எழுதிக்கொண்டார். பிறகு பெண்கள் பக்கம் திரும்பி, "இன்னைக்கு என்ன கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டார்.

சரசக்கா எழுந்து நின்றார். "நாலு ஓட்டைங்க சார், ரெண்டு எண்ணெய்க் கறைங்க, ஒரு எடத்துல நூல் வுட்டிருக்குதுங்க. இந்தத் துணி ரிஜெக்ட்டுங்க."

அதிகாரி என்னைப் பார்த்தார். என் கண்முன் அந்த ஸ்டூல் வந்து நின்றது. பேச்சை மாற்றுவதற்காக மாதிரி ஜாம் பாட்டிலைத் திறந்து, ஸ்பூனோடு அவர் முன் நீட்டினேன். "சார், நானே செஞ்சது. கொஞ்சம் சாப்பிட்டுப் பாருங்க."

ஸ்பூன் பாட்டிலுக்குள் இறங்கப்போன நேரத்தில் சரசக்கா பாட்டிலைப் பறித்தார். புரொஜெக்டர் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினார். பளிச்சென்று ஒரு அம்பு ஒட்டினார்.

"பூஞ்சைங்க சார். டீச்சர் பாட்டில ஈரத்தோட வெச்சு ஊத்திப்போட்டாங்க. காய வெக்கோணும்னு இப்பத்தானுங்க படத்துல அந்தம்மா சொன்னாங்க."

(அந்த இடம் வரை அந்தப் படத்தை நான் பார்த்ததே இல்லை. போட்ட பத்தாவது நிமிடம் எனக்குத் தூக்கம் வந்துவிடும்.)

அதிகாரி மேலும் கேட்க, கடகடவென்று பதில் வந்தது. பதம் வந்ததா என்று பார்க்க ஒரு சொட்டைத் தட்டில் விட்டுச் சாய்த்தால் ஓடக்கூடாது. சூட்டோடு ஊற்ற வேண்டும். எதுவும் விட்டுப்போகவில்லை.

"துணியைப் பாத்துட்டிருந்தீங்க, இதெல்லாம் எப்படிம்மா தெரிஞ்சுது?"

"கம்பெனில நாள் முச்சூடும் ரேடியோ பாடுமுங்க. காது அதும்பாட்டுக்குக் கேக்கும், கண்ணு செக்கிங் பாக்கும். எங்களுக்கு அப்புடித்தானுங்க பழக்கம்."

அடுத்த வாரம் அறிக்கை வந்தது. "அம்புக்குறி உத்தி பாராட்டத்தக்கது. பயிற்சி பெறுவோர் பயிற்சியாளரைவிடத் தேர்ந்தவர்கள். மாதிரி ஜாம் உண்ணப்படவில்லை." இருந்தாலும் நீட்டிப்பு கிடைத்தது. ஸ்டூலில் அப்பாவே உட்கார்ந்துகொண்டார்.

கல்யாணத்துக்குப் பிறகு எப்படியோ இந்தக் கதை என் கணவர் காதுக்குப் போய்விட்டது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் தோசை கிழிந்தால் ஒரு அம்பு, சட்டையில் மஞ்சள் கறை என்றால் ஒரு அம்பு. என் மகள் பள்ளிக்கூடப் பையில் அதே மாதிரி ஸ்டிக்கர் தாள் ஒன்றை வைத்துக்கொண்டு திரிகிறாள். ஃபிரிஜ்ஜில் இருப்பதோ சரசக்கா குழு விற்கிற ஜாம்.

ரோஷம் வந்து போன மாதம் நானே ஜாம் செய்தேன். பாட்டிலைக் கழுவி, வெயிலில் ஒரு நாள் முழுக்கக் காய வைத்து, ஊற்றி, பெருமையாகப் போட்டோ எடுத்துச் சரசக்காவுக்கு அனுப்பினேன். பத்து நிமிடத்தில் அதே போட்டோ திரும்பி வந்தது. பாட்டிலின் இடது ஓரத்தில் ஒரு சிவப்பு அம்பு வரைந்திருந்தார்.

இன்னும் அந்த இடத்தைத்தான் உற்று உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.